சுண்டெலிக்குப் பலித்த தடுப்பூசி

எலிக்கு அல்சைமர் வராது. ஆய்வகச் சுண்டெலி இரண்டு, மூணு வருஷம் வாழ்ந்து கிழமாகிச் செத்துப்போகும். 1906-ல் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளியின் மூளையில் பார்த்ததாகச் சொன்ன புரதப் படிவுகளும் நார்ச்சிக்கல்களும் அதன் மூளையில் இருக்காது. படிவுக்குக் காரணமான அமைலாய்டு பீட்டா எலியிடமும் உண்டு. ஆனா மனிதனுடையதிலிருந்து மூணு அமினோ அமிலம் வேறு, அதனால் எளிதில் திரளாது.

வராத நோயை வரவழைத்துத்தான் ஆராயணும். இளவயதிலேயே அல்சைமர் வரும் சில குடும்பங்களில் ஏ.பி.பி. என்ற மரபணுவில் பிழை இருப்பது 1991-ல் தெரிந்தது. அதே வருஷக் கடைசியில், மூளையில் படிவு, சிக்கல், செல் இழப்பு மூன்றுமே உள்ள சுண்டெலியை உருவாக்கிவிட்டோம் என்று 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 1992-லேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். எவ்வளவு அவசரம் பாருங்க!

நம்பகமான எலி 1995-ல்தான் வந்தது. பிழையுள்ள மனித மரபணுவை ஏற்றியதும் அதன் மூளையில் படிவுகள் வந்தன. சிக்கல்கள் வரவில்லை. நரம்புச் செல்களும் பெரிதாகச் சாகவில்லை. அதாவது பாதி நோய். இந்தப் பாதியை அப்போது பலரும் பெரிசா எடுத்துக்கலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1999-ல் எலான் நிறுவனத்தின் டேல் ஷெங்க் குழு இந்த எலிகளுக்கு அமைலாய்டையே தடுப்பூசியாகப் போட்டது. ஆறு வாரக் குட்டிகளுக்குப் போட்டபோது பின்னாளில் படிவு ஏறக்குறைய வரவே இல்லை. படிவு வந்துவிட்ட பதினோரு மாத எலிகளிலும் அது குறைந்தது.

அடுத்து மனிதர்கள். 2002 ஜனவரியில் அந்தப் பரிசோதனையில் ஊசி போடுவதை நிறுத்த வேண்டியதாயிற்று. ஊசி போட்டுக்கொண்ட 298 பேரில் 18 பேருக்கு மூளையிலும் அதன் உறையிலும் அழற்சி. எலியிடம் இதற்கான அறிகுறி எதுவும் தெரிந்திருக்கவில்லை.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது 2008-ல் 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை. முதற்கட்டப் பரிசோதனையில் இதே ஊசியைப் போட்டுக்கொண்டு, பிறகு இறந்துபோன சிலரின் மூளையைத் திறந்து பார்த்திருந்தார்கள். எலியில் நடந்தது அங்கேயும் நடந்திருந்தது. சிலருக்குப் படிவு கிட்டத்தட்ட முழுசாகவே போயிருந்தது. ஆனால் சாகும்முன் அவர்கள் நோயின் கடைசிக் கட்டத்தில்தான் இருந்தார்கள்.