கோணேசர் கோயில் ஒழுங்கும் அதைச் சுமந்த ஏடும்

திருகோணமலைக் கோணேசர் கோயிலில் எந்தப் பணியை யார் செய்வது, அதற்கு வேண்டிய பொருளை யார் தருவது, தவறு நேர்ந்தால் யார் விசாரிப்பது என்பவற்றை வகுத்துச் சொல்லும் நூல் ‘கோணேசர் கல்வெட்டு’. பெயர் அப்படியிருந்தாலும் அது கல்லில் இல்லை. ஏட்டில் எழுதிப் படியெடுத்துக் காப்பாற்றப்பட்டது. செய்யுளும் உரைநடையும் கலந்த அந்நூலைப் பாடியவர் கவிராஜவரோதயர் என்பது மரபு. குளக்கோட்டன் என்ற சோழ இளவரசன் கலியுகத்தின் தொடக்க நூற்றாண்டுகளிலேயே கோயில் திருப்பணி செய்ததாக நூல் கூறுகிறது. நூலின் நடையும் அதில் தெரியும் சமூக அமைப்பும் அவ்வளவு பழமையானவை அல்ல. 16, 17ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியே அது இன்றைய உருவம் பெற்றிருக்க வேண்டும்.

துறைமுகப் பகுதியில் கோயில் ஒழுங்கை எழுதிவைக்கும் வழக்கமோ அதைவிட மிகப் பழையது. நிலாவெளியில் கிடைத்த கல்வெட்டு, கோணபர்வதத்து மச்சகேசுவரமுடைய மகாதேவருக்கு 250 வேலி நிலம் நிவந்தமாக விடப்பட்டதைச் சொல்லி நிலத்தின் எல்லைகளையும் குறிக்கிறது. அது சோழர் ஆட்சிக் காலத்தை ஒட்டியது. கந்தளாய்க்கு அருகிலுள்ள பளமோட்டைக் கல்வெட்டு முதலாம் விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. நங்கைசானி என்ற பிராமணப் பெண், இறந்த தன் கணவரின் நினைவாகத் தென்கயிலாசமான விஜயராஜ ஈஸ்வரம் என்னும் சிவன் கோயிலுக்குச் செய்த அறக்கொடை அதில் பதிவாகியிருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியது கொடையின் அளவல்ல, காவல் ஏற்பாடு. அறக்கொடை வேளைக்காரப் படையினரின் பாதுகாப்பில் விடப்பட்டது. அந்தக் காலத்தில் விதியை எழுதியவரும் அதை நிறைவேற்றக் கையில் வாளோடு நின்றவரும் வேறு வேறானவர். இருவரின் பெயரும் ஒரே கல்லில் இருக்க வேண்டும் என்ற தெளிவு கந்தளாய்ப் பிராமணருக்கு இருந்தது. பொலன்னறுவையில் தலதா ஆலயத்தைக் காக்கும் பொறுப்பை ஏற்று வேளைக்காரர் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டும் இதே மரபினது.

ஒரு நிலம், ஒரு விளக்கு, ஒரு தானம் என்று தனித்தனியே கல்லில் நின்றவற்றை முழு அமைப்பாகத் திரட்டிக் காட்டியதே கோணேசர் கல்வெட்டின் புதுமை. மருங்கூர், காரைக்கால் முதலிய ஊர்களிலிருந்து குடிகளை வரவழைத்துக் குளக்கோட்டன் குடியேற்றினான் என்கிறது நூல். அவர்களில் தானத்தார் கோயிலின் நிருவாகத்துக்கும் சடங்கு முதன்மைகளுக்கும் உரியவர். வரிப்பத்தார் அன்றாடப் பணிகளையும் கோயிலுக்கு வரவேண்டிய பொருளையும் கவனித்தவர். இரு தரப்புக்கும் இடையே பிணக்கு வந்தால் தீர்க்க ஆள் வேண்டும். அதற்காக மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்பவனை வருவித்து வன்னிபமாக நிறுத்தினான் என்பது கதை. விசாரணை செய்வதும் தண்டம் விதிப்பதும் அவன் வழிவந்தோர் கையில் இருந்தன.

இந்த மூன்று பிரிவுக்கும் கீழே பணிகள் நுணுக்கமாகப் பிரிகின்றன. திருவிளக்கு ஏற்றுவதும் மாலை கட்டுவதும் நெல் குற்றுவதும் வாத்தியம் வாசிப்பதும் ஆடுவதும் துணி வெளுப்பதும் கணக்கு எழுதுவதும் ஒவ்வொரு குடிக்கென்று ஒதுக்கப்பட்டவை. எண்ணெயும் நெல்லும் வெற்றிலையும் பாக்கும் எங்கிருந்து வரவேண்டும் என்பதும் முடிவாகியிருந்தது. இப்பணிகளுக்கு ஊரார் வழங்கிய பெயர் தொழும்பு. ஒருவனுடைய தொழும்பை இன்னொருவன் எடுத்துச் செய்வது உதவியாகக் கருதப்படவில்லை. உரிமை மீறலாகவே பார்க்கப்பட்டது. சாதி அடுக்கை இறைவன் பெயரால் உறுதிசெய்த ஏற்பாடு இது என்பதை மறைக்க வேண்டியதில்லை. விளக்கேற்றுபவன் மகன் விளக்கேற்றினான். அவன் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

இன்றைக்குக் கைப்பேசி இயங்குதளங்களின் பாதுகாப்பைக் கட்டிக்காப்பவர்களின் வேலையும் வடிவத்தில் இதற்கு நெருங்கியதே. ஆண்ட்ராய்டில் இயங்கும் எஸ்.இ.லினக்ஸ் முறையில் ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளம் இடப்படுகிறது. எந்த அடையாளம் எதைத் தொடலாம் என்று விதிநூல் சொல்கிறது. சொல்லாதது எல்லாம் மறுக்கப்படும். 2013இல் வந்த 4.3 பதிப்பில் மீறல்கள் வெறுமனே பதிவுசெய்யப்பட்டன. 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்து முழுவதும் தடுக்கப்பட்டன. எக்காலத்திலும் அனுமதிக்கக் கூடாதவை எனச் சில விதிகள் உண்டு. அவற்றோடு மோதும் புதிய விதியை யாரேனும் சேர்த்தால் இயங்குதளத்தைத் தொகுக்கும்போதே வேலை நின்றுவிடும். கோணேசர் கோயிலில் அப்படித் தானாக நிற்கும் ஏற்பாடு இல்லை. அங்கே மோதலைக் கண்டுபிடிக்கவும் நிறுத்தவும் வன்னிபம் என்ற மனிதன் வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டின் பலவீனமும் அதுவே.

விதிகள் ஒரு தடவை எழுதப்பட்டு அப்படியே இருந்துவிடவில்லை. கயவாகு மன்னன் கோயிலுக்கு வந்து மேலும் மானியம் அளித்து ஏற்பாடுகளைப் புதுப்பித்ததாக மரபு கூறுகிறது. 1132 முதல் 1153 வரை பொலன்னறுவையில் ஆண்ட இரண்டாம் கஜபாகுவே இவன் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. குளக்கோட்டன் வகுத்ததை மாற்றினேன் என்று சொல்லும் துணிவு பின்வந்த எவருக்கும் இல்லை. அடித்தளத்தைத் தொடாமல் அதன்மேல் புதிய அடுக்கு ஒன்றைச் சேர்ப்பதே முறையாக இருந்தது. கொட்டியாரப்பற்றில் கங்குவேலியிலுள்ள கல்வெட்டிலும் இதைக் காணலாம். வன்னிபமும் ஊர்த் தலைவர்களான அடப்பர்களும் சேர்ந்து கங்குவேலி வயலையும் குளத்தையும் கோணைநாயகருக்கு விட்டுக்கொடுத்ததை அது கூறுகிறது. இத்தகைய சாசனங்களில், தருமத்துக்குத் தீங்கு செய்வோர் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் விழுவர் என்ற வசனம் வழக்கமாக வரும். வேளைக்காரர் படை இல்லாத காலத்தில் சாபமே காவல்.

போர்த்துக்கேயர் அந்தச் சாபத்துக்கு அஞ்சவில்லை. 1620களின் முற்பகுதியில் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடித்தான். அதன் கற்களைக் கொண்டே 1624இல், கோயில் நின்ற சுவாமிமலையின் அடிவார நிலக்கழுத்தில் கோட்டை எழுந்தது. பாண்டியரின் இணைக்கயல் பொறித்த கல் இன்றும் கோட்டை வாயிலில் இருக்கிறது. அங்கே கிடைத்த ஒரு பழைய சாசனத்தின் பிரதி போர்த்துக்கலுக்கு அனுப்பப்பட்டதும் பதிவாகியிருக்கிறது. விதிகளுக்கு இடமாக இருந்த கோயில் போய்விட்டது. ஆனால் விதிகளுக்கு உரிய குடிகள் பற்றுகளில் பரவி இருந்தனர். தெய்வ விக்கிரகங்களில் சில மறைத்துவைக்கப்பட்டு, கழனிமலையில் சிலகாலம் இருந்து, பின்னர் தம்பலகாமத்தில் எழுந்த ஆதிகோணநாயகர் கோயிலைச் சேர்ந்தன என்பது ஊர் வழக்கு. தொழும்பு முறையும் தானத்தார், வரிப்பத்தார் என்ற பிரிவுகளும் அங்கே தொடர்ந்தன. கோணேசர் கல்வெட்டு இன்றைய உருவில் தொகுக்கப்பட்டதும் இந்த இடிபாட்டை ஒட்டிய காலத்தில்தான் என்று கொண்டால் அதன் அவசரமும் விரிவும் புரியும். எல்லாரும் மனப்பாடமாக அறிந்த ஒழுங்கை எழுதிவைக்க வேண்டிய தேவை, அது குலைந்துபோகும் வேளையில்தான் எழுகிறது.

ஒல்லாந்தர் 1639இல் திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தனர். அவர்கள் காலத்தில் கொட்டியாரம், கட்டுக்குளம், தம்பலகாமம் ஆகிய பற்றுகளின் வன்னிபங்கள் தலைமைப் பட்டத்தோடு நீடித்தாலும் ஒல்லாந்தக் கம்பனிக்குத் திறை செலுத்துவோராக ஆகிவிட்டனர். ஒல்லாந்த ஆளுநர் வான் சென்டன் 1786இல் இந்தப் பற்றுகளில் சுற்றுப்பயணம் செய்து எழுதிய நாட்குறிப்பு, வயல்களும் குளங்களும் சீர்கெட்டிருந்த நிலையைக் காட்டுகிறது. வன்னிபத்தின் அதிகாரம் வரி வசூலோடு சுருங்கியபின் தொழும்பு தவறியவனைத் தண்டிக்க ஆள் இல்லை. அதன்பின் முறையைத் தாங்கியது மரியாதை ஒன்றே. திருவிழாவில் யாருக்கு முதலில் காளாஞ்சி கிடைக்கும் என்ற வரிசை, சட்டம் செய்த வேலையைத் தன்மேல் ஏற்றது. கிழக்கிலங்கைக் கோயில்களில் அந்த வரிசைக்காக நடந்த வழக்குகள் கொஞ்சமல்ல.

1795 ஆகஸ்டில் திருகோணமலை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1832இல் கோல்புறூக் சீர்திருத்தங்களின்படி இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது கட்டாய ஊழியத்துக்குச் சட்ட ஆதரவு போயிற்று. கண்டி நாட்டு விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் மட்டும் ஊழிய நிலமுறை விட்டுவைக்கப்பட்டது. 1870ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒவ்வொரு பங்குக்கும் உரிய ஊழியத்தைப் பதிவுசெய்து அதைப் பணமாகச் செலுத்தவும் வழிவிட்டது. அந்தப் பதிவேடுகளைக் கோணேசர் கல்வெட்டோடு ஒப்பிட்டுப் படிப்பவர், மலைநாட்டிலும் கரையோரத்திலும் கோயில் ஊழியம் ஒரே இலக்கணத்தில் அமைந்திருந்ததைக் காண்பர்.

இந்த அமைப்பு முழுவதும் நின்றது கந்தளாய்க் குளத்து நீரில். அக்குளத்தைக் குளக்கோட்டன் பூதங்களைக் கொண்டு கட்டினான் என்கிறது தமிழ் மரபு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பணி அது என்கிறது சூளவம்சம். கட்டியவர் யாராயினும், அணைக்கட்டைக் காப்பதும் கோயிலைக் காப்பதும் ஒரே கடமையின் இரு முகங்கள் என்பதில் ஊராருக்கு ஐயம் இருந்ததில்லை. நவீன முறையில் புதுப்பிக்கப்பட்ட அந்த அணை 1986 ஏப்ரல் 20 அன்று உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

1950இல் கோட்டைப் பகுதியில் கிணறு தோண்டியபோது செப்பு விக்கிரகங்கள் வெளிப்பட்டன. அவற்றோடு சுவாமிமலையில் புதிய கோயில் கட்டப்பட்டு 1963இல் குடமுழுக்கு நடந்தது. அந்தக் கோயில் நவீன பரிபாலன சபையின் கீழ் இயங்குகிறது. பழைய தொழும்பு முறையின் எச்சத்தைக் காண விரும்புவோர் போக வேண்டிய இடம் தம்பலகாமம்.