குடும்ப வரலாறும் நம் கடமையும்

சில ஆண்டுகளுக்கு முன் கயைக்குச் சென்று முன்னோர்க்குப் பிண்டமிட அமர்ந்தோம். புரோகிதர் தந்தை, பாட்டனார், முப்பாட்டனார் பெயர்களைக் கேட்டார், தடையின்றிக் கூறினோம். அடுத்து, தந்தையாரின் பாட்டியார் பெயரைக் கேட்டார், எமக்கு நாவெழவில்லை. எம் பாட்டனார் தகரப் பெட்டியில் காத்து வைத்திருந்த கடிதங்களும் குறிப்புகளும், வீடு மாறியபோது பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விட்டன. விடை அறிந்திருந்த பாட்டியாரும் இன்றில்லை.

கயைப் பண்டாக்களோ, தம்மை நாடி வரும் யாத்திரிகரின் ஊரையும் குலத்தையும் முன்னோர் பெயர்களையும் தலைமுறை தலைமுறையாகத் தம் பதிவேடுகளில் எழுதிக் காத்து வருகின்றனர். பிறர் குடும்பங்களை அவர்கள் எழுதிவைக்க, நம் குடும்பத்தை நாமே எழுதாதிருப்பது முறையாகுமோ?

தமிழர்க்கு வரலாறு எழுதும் வழக்கமில்லை என்பாருளர். புதுச்சேரியில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அரசியற் செய்திகளோடு கப்பல் வரவையும் வீட்டு நிகழ்ச்சிகளையும் குறித்தார். 1846-இல் வெளிச்சத்திற்கு வந்த அக்குறிப்பு, 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளியாயிற்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1940 முதல் ‘ஆனந்த விகட’னில் எழுதிய ‘என் சரித்திரம்’, தம் ஊரையும் முன்னோரையும் கூறியே தொடங்குகிறது. 1942-இல் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறாது நின்றது. எழுதுவதைத் தள்ளிப் போடலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா வந்து, பௌபஜார் தெரு ஆய்வுக்கூடத்தில் உழைத்து, 1930-இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமனின் வரலாறு நூல்களில் உளது. ஆனால் தட்டச்சர்களாகவும் கணக்கர்களாகவும் ரயில்வே எழுத்தர்களாகவும் வந்து, லேக் மார்க்கெட் பகுதியில் குடியேறிய நம் பெரியோர் வரலாறு எந்த நூலில் உளது? அதனை எழுதவல்லார் நாமே.

ஆதலின், ஒவ்வொரு குடும்பத்தாரும் ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை நல்குதல் வேண்டும். எந்த ஊரினின்று, எந்த ஆண்டில், எவ்வேலைக்கு வந்தனர், எத்தெருவில் முதற்குடி வைத்தனர் என்பவற்றை எழுதுக. ஆண்மக்கள் பெயரோடு நில்லாது, மணம் புரிந்து வந்த மாதர் பெயரையும் அவர்தம் பிறந்தகத்தையும் எழுதுக. நேரில் கண்டதையும் கேள்வியுற்றதையும் வேறு பிரித்துக் காட்டுக. தமிழ் எழுதப் பழகாச் சிறார், பாட்டியார் சொல்லச் சொல்ல வங்க எழுத்திலேனும் குறித்துக்கொள்க. தமிழில் எழுதித்தரப் பெரியோர் உளர்.

1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி, நம் அலிப்பூர்த் தேசிய நூலகத்திற்கு அனுப்பப்படல் வேண்டும். நம் கட்டுரைகள் நூலுருப் பெறின், நம் பேரர்க்கு அங்கும் ஒரு பெட்டகம் கிட்டும்.

பாட்டியார் இருக்கும் வீட்டினர் இன்றே கேட்டு எழுதுக. எமக்கு அப்பேறு வாய்த்திலது.