அசையாத ஏரி

1651ஆம் ஆண்டில் உரோமை நகரில் தீட்டப்பெற்ற புயற்காட்சி ஒன்று இன்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், ஸ்டேடல் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுள்ள பெரிய ஓவியம். தீட்டியவர் பிரெஞ்சு நாட்டவரான நிக்கொலா பூசான். தீட்டுவித்தவர், கர்தினால் பிரான்செஸ்கோ பார்பெரினியின் செயலராக விளங்கிய கசியானோ தால் போட்சோ. ஏழு திருவருட்சாதனங்களையும் இதே பூசானைக் கொண்டு முன்னரே வரைவித்தவரும் இவர்தாம்.

ஓவியத்தின் கரு, உரோமைக் கவிஞர் ஓவிட் பாடிய பாபிலோனியக் காதலர் கதை. பெற்றோர் தடுத்தும் பிரமுசும் திஸ்பேயும் இரவில் ஊருக்கு வெளியே சந்திக்கத் துணிகின்றனர். முதலில் வந்த திஸ்பே பெண்சிங்கத்தைக் கண்டு ஓடுகிறாள். அவள் நழுவவிட்ட முக்காட்டில் இரத்தக் கறை கண்ட பிரமுஸ், அவள் மடிந்தாளென்றெண்ணித் தன்னை மாய்த்துக்கொள்கிறான். ஓவிட்டின் கதையில் புயல் இல்லை. அது நிலவு காயும் இரவு. புயலைக் கொணர்ந்தவர் பூசானே.

அந்நாளில் அவருடைய தாய்நாடு உள்நாட்டுக் கலகத்தில் சிக்கியிருந்தது. 1648இல் மூண்டு 1653 வரை நீடித்த அக்கலகத்தில், அரசை நடத்திய கர்தினால் மசரெனே 1651இல் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அக்கலகமே இவ்வோவியம் என்று கூற நாம் துணியோம். ஆனால் அதனை உரோமையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதரின் கை இது.

ஓவியத்தைப் பற்றித் தம் நண்பர் ஓவியர் ஸ்டெல்லாவுக்குப் பூசான் எழுதிய கடிதத்தின் பகுதி கிடைத்துள்ளது. காற்றின் போக்கிலேயே புழுதியூடே ஓடுவோர், கண்ணைக் கையால் மறைத்து எதிர்க்காற்றில் தள்ளாடுவோர், மந்தையைக் கைவிட்டோடும் ஆயன், சிங்கத்தோடு போராடும் மாட்டுக்காரர் என ஒவ்வொருவரையும் விவரிக்கிறார். அவரவர்க்கு அவரவர் உயிர். கைகளை விரித்து, பிணத்தை நோக்கி வரும் திஸ்பேயை அவர்களுள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் நடுவே ஓர் ஏரி, அலையின்றிக் கண்ணாடிபோல் கிடக்கிறது. மரங்களை வளைக்கும் காற்று அதை மட்டும் தீண்டவில்லை! ஊழின் சீற்றத்துக்குக் கலங்காத ஞானியின் உள்ளமே அது என்று அறிஞர் சிலர் பொருள் கொள்வர். நமக்கு அவ்விளக்கம் நிறைவளிக்கவில்லை. கலிலேயக் கடலில் அமைதி பிறந்தது, படகிலிருந்தோர் அலறி ஆண்டவரை எழுப்பிய பின்னர். இவ்வேரியின் அமைதியோ எவருடைய அலறலையும் கேட்டு வந்ததன்று. திஸ்பேயின் அலறலுக்குப் பின்னும் அது அப்படியேதான் இருக்கும்.

சற்றுத் தொலைவில் நின்று, நெருங்க அஞ்சி, மயிர் சிலிர்க்கக் குரைக்கும் நாயைக்கூடப் பூசான் தம் கடிதத்தில் விட்டுவிடவில்லை. ஏரியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.