போனால் வராத வைகுண்டம், போய்வரும் கைலாசம்

வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும் சாவுப் போஸ்டர்களைப் படிப்பது எனக்குப் பழக்கம். பிளவக்கல் பக்கம் போகிற பஸ்ஸுக்காக நிற்கும்போது வேறென்ன வேலை? ஒருத்தர் 'வைகுண்டப் பதவி' அடைந்திருப்பார். பக்கத்திலேயே இன்னொருத்தர் 'சிவலோகப் பதவி'. அடுத்தவர் 'கர்த்தருக்குள் நித்திரை'. இன்னொரு போஸ்டரில் 'வஃபாத்'. கட்சிக்காரர் என்றால் 'இயற்கை எய்தினார்'. எதிலும் மாட்டிக்கொள்ள விரும்பாதவர்கள் 'காலமானார்' என்று போட்டு முடித்துக்கொள்கிறார்கள்.

செத்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள், பெயர்தான் வேறு என்று சமரசம் பேசுகிறவர்கள் இந்தச் சுவரை நின்று வாசிக்க வேண்டும். 'பதவி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். படிநிலை என்ற பொருள் அதற்குள் இருக்கிறது. சைவ சித்தாந்தம் சாலோகம், சாமீபம், சாரூபம், சாயுச்சியம் என்று நாலு படி சொல்லும். அவன் உலகில் இருப்பது, அவன் அருகில் இருப்பது, அவன் வடிவம் பெறுவது, கடைசியாக அவனோடு கலப்பது. முதல் மூன்றும் 'பதமுத்தி'. நாலாவதுதான் முழு முத்தி. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற தகுதி வரிசைப்படி இவை கிடைக்கும். ஆக, போஸ்டர் ஒட்டியவர் தன் தகப்பனாருக்குக் கேட்டிருப்பது முதல் படியை மட்டுமே. கடைசிப் படியை இந்தச் சுவரில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

'கர்த்தருக்குள் நித்திரை' என்பதோ வேறு கதை. அவர் இன்னும் எங்கேயும் போய்ச் சேரவில்லை. உயிர்த்தெழும் நாள் வரை தூக்கம். 'வஃபாத்' ஆனவருக்கும் கபுறு வாழ்க்கை, மறுமை நாள், விசாரணை என்று காத்திருப்பு உண்டு. இங்கே சொர்க்கம் என்பது காலத்தின் முடிவில் வருவது. வைகுண்டமும் சிவலோகமும் இப்போதே மேலே இருப்பவை. இடமாகக் கருதப்பட்ட சொர்க்கமும் காலமாகக் கருதப்பட்ட சொர்க்கமும் ஒன்றல்ல. ஒரே சுவரில் ஒட்டியிருப்பதால் ஒன்றாகிவிடாது.

நான் இந்தக் கட்டுரையில் கவனப்படுத்த விரும்புவது இன்னொரு வேறுபாட்டை. போனால் திரும்ப முடியாத சொர்க்கம், போய்விட்டுத் திரும்பும் சொர்க்கம் என்ற வேறுபாடு. நம்முடைய தத்துவ நூல்கள் முதலாவதைப் பற்றியே பேசுகின்றன. தமிழ் எம்.ஏ. படித்த காலத்தில் எனக்கும் முதலாவது மட்டும்தான் பாடமாக இருந்தது.

பிளவக்கல்லில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைத்தொடரின் அந்தப் பக்கம் வருசநாடு, ஆண்டிபட்டி. அந்த ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். கி.மு. காலத்தவை என்று கணிக்கப்பட்டவை. அவற்றில் ஒன்று ஆகோள் பூசலில் மாண்டவனுடையது. ஊர்ப் பெயர், ஆநிரை கவர்ந்த செய்தி, ஆள் பெயர், கல். அவ்வளவுதான். மேலுலகம் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. செத்தவன் ஊர் எல்லையில் கல்லாக நிற்கிறான், எங்கேயும் போகவில்லை. பின்னாளில் கன்னட நாட்டு வீரக்கற்களைப் பார்த்தால் கீழ்ப்பலகையில் போர், நடுவில் அரம்பையர் தூக்கிச் செல்லும் காட்சி, உச்சியில் இலிங்கத்தின் முன் வீரன் என்று மூன்று அடுக்குகள் இருக்கும். கல்லுக்குமேல் சொர்க்கம் ஏறி உட்கார்ந்தது பிற்பாடுதான்.

சங்கப் பாடல்களில் வீரர் உலகம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் யாருக்கு எப்படி என்று பார்க்க வேண்டும். போரில் சாகாமல் நோயில் செத்த அரசர்களைத் தருப்பைப் புல்லில் கிடத்தி, மந்திரம் ஓதி, வாளால் கீறி வீரர் உலகுக்கு அனுப்பும் வழக்கத்தைப் புறநானூற்றின் 93ஆம் பாட்டில் அதியமானைப் பாடும் ஔவையார் சொல்கிறார். மாடு பிடிக்கப் போய்ச் செத்தவனுக்குக் கல். படுக்கையில் செத்த அரசனுக்கு, ஆள் வைத்துச் சடங்கு செய்தாவது சொர்க்கம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவோம். மார்கழியில் வைகுண்ட ஏகாதசி அதிகாலையில் பரமபத வாசல் திறக்கும்போது கூட்டம் முட்டும். அன்றைக்குச் செத்தால் நேரே வைகுண்டம் என்று என் அப்பத்தா கடைசி வரை நம்பியது. அந்த வாசலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதை வைணவம் போல நுணுக்கமாக எழுதியவர்கள் தமிழில் இல்லை. திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் நம்மாழ்வார் போகும் வழியையே பாடிவிட்டார்: வழிநெடுக மேகமும் கடலும் தேவரும் முனிவரும் கொடுக்கும் வரவேற்பு, வாசல் காப்போரின் அழைப்பு, உள்ளே பாதம் கழுவிவிடும் உபசாரம். இராமானுசர் வைகுண்ட கத்யம் செய்தார். பிள்ளை லோகாசாரியார் அந்தப் பயணத்துக்கென்றே 'அர்ச்சிராதி' என்று ஒரு நூல் எழுதினார். விரஜை ஆற்றைத் தாண்டிவிட்டால் திரும்புதல் கிடையாது. திரும்பாமை என்பதே அதன் பெருமை.

இதிலும் சண்டை உண்டு. கடவுளைக் கேட்காமல் தன் ஆன்மாவை மட்டும் அனுபவிக்க விரும்பியவனுக்குக் கிடைக்கும் 'கைவல்யம்' எங்கே இருக்கிறது என்பதில் தென்கலையும் வடகலையும் ஒத்துப்போகவில்லை. அது நித்தியம், பரமபதத்தின் ஒரு மூலையில் அவன் அப்படியே இருப்பான் என்பது தென்கலை. அது பரமபதத்துக்கு வெளியே, நிரந்தரமும் அல்ல என்பது வடகலை. சொர்க்கத்திலும் ஒரு ஒதுக்குப்புறம் வைத்திருக்கிறார்களே என்று படித்தபோது சிரிப்பு வந்தது. ஊர் அமைப்பை அறிந்தவர்களுக்கு அந்த மூலை புதிதாக இருக்காது.

இதே ஊரின் ஆண்டாள் இந்தப் பயணத்துக்கே அவசரப்படவில்லை. திருப்பாவை முடிவில் அவள் கேட்பது ஒவ்வொரு பிறவியிலும் தொண்டு. பிறவி வேண்டாம் என்பதல்ல, எத்தனை பிறவியானாலும் உன்னோடு. உரைகாரர்கள் இதையும் பரமபதக் கைங்கரியமாக வாசித்து உயர்த்திவிட்டார்கள். ஆனால் பிரதியில் இருப்பது மார்கழிக் குளிரும் பாலும் நெய்யும் மழையும்தான்.

கலத்தல் என்ற சாயுச்சியத்துக்கு நந்தன்தான் சாட்சி. பெரியபுராணத்தில் அவர் தீயில் இறங்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்து, அம்பலத்துக்குள் போய் மறைகிறார். திருப்பாணாழ்வாரும் முனிவர் தோளில் கருவறை வரை வந்து அங்கேயே கலந்துவிடுகிறார். புலையனாக, பாணனாக உள்ளே போய், தரிசனம் முடிந்து, வெளியே நடந்து வந்து ஊர்க்காரர்களிடம் பார்த்ததைச் சொன்னதாக எந்தக் கதையும் இல்லை. தலித் விமர்சகர்கள் இந்த மறைதலைக் கொலை என்றே வாசித்திருக்கிறார்கள். அந்த வாசிப்பை நான் மறுக்கவில்லை. கூடுதலாக ஒன்று சொல்வேன்: திரும்பாச் சொர்க்கம் என்ற கருத்தியல் இல்லாமல் இந்தக் கதையை இப்படி முடித்திருக்க முடியாது. வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கத்தோலிக்க தேவாலயத்துக்கு ஒரே பீடம், சாதிக்கொன்றாக இரண்டு பக்கக் கூடம், நடுவே தடுப்பு. 1910இல்தான் அந்தத் தடுப்பை இடித்தார்கள். இரண்டு கூடத்திலும் பிரசங்கித்த மோட்சம் ஒன்றுதான் என்று பாதிரியார்கள் நம்பியிருப்பார்கள்.

இனி, போய்வரும் கைலாசம். தெற்கே வில்லுப்பாட்டுக் கதைகளைக் கேட்டவர்களுக்கு இது தெரியும். நாயகன் அநியாயமாகச் சாவான். செத்தவன் கைலாசம் போவான். சிவனிடம் வரம் வாங்குவான். வாங்கிக்கொண்டு கீழே இறங்கி வருவான், படையல் கேட்பான். நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளலாம். பிராமணனான பட்டன், சக்கிலியர் வீட்டுப் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டிக்கொண்டு, செருப்புத் தைத்து, மாடு காத்து, மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பெண்கள் தீப்பாய்கிறார்கள். சாதி கடந்த இந்தக் குடும்பத்தைக் கைலாசம் உள்ளே வைத்துக்கொள்ளவில்லை; வரம் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறது. பாபநாசம் மலையில் சொரிமுத்தய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பவன் அவன்தான். அவனுக்குத் தோல் செருப்புக் காணிக்கை. போட்ட செருப்பு மறுவருசம் தேய்ந்து கிடக்கும், சாமி போட்டுக்கொண்டு நடந்திருக்கு என்பார்கள். அங்கே வைகுண்டத்தில் கால் கழுவி உட்கார வைக்கிறார்கள். இங்கே சாமி செருப்புத் தேயக் காடு சுற்றுகிறது.

"கைலாசம்னா என்னப்பத்தா?" என்று சின்ன வயசில் கேட்டிருக்கிறேன். "தாசில்தார் ஆபீசு மாதிரிடா. மனுக் குடுத்து எழுதி வாங்கிட்டு வரணும். அங்கனயே குடியிருக்கவா போறாக?" என்றது. எந்தச் சித்தாந்த நூலிலும் எனக்கு இந்த விளக்கம் கிடைக்கவில்லை. கொல்லப்பட்டவர்களுக்குச் சொர்க்கம் ஓய்விடமாக இருக்க முடியாது. கணக்கு கீழேதான் இருக்கிறது. கொன்றவன் வீடும் அவன் வாரிசும் வயக்காடும் கீழேதான் இருக்கின்றன. படையல் என்பது பக்தி என்ற பெயரில் கட்டப்படும் ஈடு. மேல்சாதிக் குடும்பங்கள் தாங்கள் கொன்றவர்களையே கும்பிட்டு வருவதைத் தெற்கே பல ஊர்களில் காணலாம். இதையெல்லாம் முழு விடுதலை என்று நான் கொண்டாடவில்லை. பயம் தீர்ந்த மறுநாள் அதே வீட்டுக்காரர் கூலியைக் குறைக்கத்தான் செய்வார். ஆனாலும் செத்தவன் மறைந்துவிடவில்லை.

இந்த இரண்டு சொர்க்கங்களையும் தலைகீழாக்கியவர் சாமித்தோப்பு வைகுண்டர் (1809-1851). முடிசூடும் பெருமாள் என்று பெற்றோர் வைத்த பேரைக்கூட மேல்சாதியார் விடவில்லை, முத்துக்குட்டி ஆக்கினார்கள். 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்து வந்தார் என்பது அய்யாவழியினர் நம்பிக்கை. பெயரைப் பாருங்கள். அவர் வைகுண்டத்துக்குப் போகவில்லை. வைகுண்டமே ஆளாகி ஊருக்குள் நடந்து வந்துவிட்டது. 1841இல் எழுதப்பட்ட அகிலத்திரட்டு சொல்லும் தர்மயுகம், கலி அழிந்தபின் இந்த மண்ணில் வருவது. கலியின் ஆள் யார் என்பதும் அதில் மறைபொருள் அல்ல, திருவிதாங்கூர் அரசன்தான். அரசாங்கம் அவரைச் சிறையில் அடைத்தது. எல்லாச் சாதிக்கும் பொதுவாக முத்திரிக் கிணறு, ஆண்களுக்குத் தலைப்பாகை, பள்ளியறையில் விக்கிரகத்துக்குப் பதில் கண்ணாடி. சொர்க்கத்தின் அடையாளங்களாக அவர் வைத்தவை இவை.

1925இல் தொடங்கிய 'குடி அரசு' மோட்சத்தையும் நரகத்தையும் ஒரே கல்லில் அடித்தது. அது தேவையாக இருந்தது. பரமபத வாசலில் நிற்பவனிடம் காசு பறிக்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். ஆனால் எல்லாச் சொர்க்கமும் ஒரே புளுகு என்று கட்டிவைத்ததில், முத்துப்பட்டன் கைலாசத்துக்கு எதற்குப் போனான் என்ற கேள்வியும் அந்த மூட்டைக்குள் போய்விட்டது. பகுத்தறிவு பேசும் தோழர்கள் என்மேல் கோபப்படுவார்கள். பரவாயில்லை.

2025 ஜூனில் கூமாப்பட்டி இளைஞர் ஒருவர் தன் ஊரின் தண்ணீரையும் மலையையும் புகழ்ந்து எடுத்த செல்போன் வீடியோக்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. பூலோக சொர்க்கம் என்று வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். பெரியாறு அணை 47 அடிக்குச் சற்று மேல், கோவிலாறு 42. இரண்டும் வத்திராயிருப்பு, கூமாப்பட்டிப் பக்கத்துக் கண்மாய்களுக்கும் வயலுக்குமானவை. மேலே உள்ள காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். அணைக்குள் இறங்கிக் குளிக்க அனுமதி இல்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். வந்தவர்கள் பூட்டிய கேட்டு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் கேட்டுக்கு எதிரே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். "சொர்க்கம்னு சொல்லி வந்திருக்காக, பாவம். உள்ள விடமாட்டேங்காக" என்றது. பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்து, ஆபீஸ் ஆள் என்று நினைத்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்திக் கேட்டது:

"தம்பி, மடையை எப்பத் தொறக்காகளாம்?"