சூதை விட்டோர் சபை

பொருளாதார மந்தத்தால் வறண்டுபோன பொக்கிஷத்தை நிரப்ப வழி தேடிய கலிபோர்னியா மாநிலம், 1933-ஆம் ஆண்டில் குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைச் சட்டத்துக்கு உட்பட்ட காரியமாக்கிற்று. அடுத்த ஆண்டின் இறுதியில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடுத்துச் சான்டா அனிதா பந்தய மைதானம் திறக்கப்பட்டது; 1938-இல் ஹாலிவுட் பார்க் என்ற மற்றொன்று அதனோடு சேர்ந்துகொண்டது; நகரின் தென்புறத்தில் கார்டினா என்னும் சிற்றூரில் 1936 முதல் சீட்டாட்ட கிளப்புகள் பகிரங்கமாகவே நடந்து வந்தன; கிழக்கே பாலைவனத்தைக் கடந்தாலோ, 1931-இலேயே சூதாட்டத்துக்குக் கதவைத் திறந்துவிட்ட நெவாடாவும் அதன் லாஸ் வேகாஸ் நகரமும் காத்திருந்தன. சம்பளக் கவரோடு புறப்பட்ட மனிதன் வீடு போய்ச் சேராமல் இருப்பதற்கு இத்தனை மார்க்கங்கள் வாய்த்த அந்த ஊரிலேதான், சூதாடிகள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு கரையேறும் வழக்கம் தோன்றி, பிற்பாடு உலகின் பல தேசங்களுக்கும் பரவியது. அதன் வரலாற்றையே இங்குச் சொல்லப் புகுகிறேன்.

அதற்கு முன்னர் பரிகாரம் தேடாதவர்கள் இல்லை. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில், மனைவி வெறுத்து ஒதுக்க, கடன் கொடுத்தவர்களுக்கு அஞ்சி இரவில் பிறர் வீட்டை நாடும் சூதாடியின் புலம்பல் ஒரு சூக்தமாகவே அமைந்திருக்கிறது. வள்ளுவர் கள்ளுண்ணாமையை அடுத்துச் சூதையும், சூதை அடுத்து மருந்தையும் வைத்தார். அந்த வைப்புமுறையைப் பார்க்கும்போதெல்லாம், கள்ளையும் சூதையும் ஓரினமாகக் கண்ட அப்பெரியாரின் பார்வைக் கூர்மையை எண்ணி நான் வியப்பதுண்டு. அரசர்கள் தண்டம் விதித்தார்கள். மதகுருமார்கள் பாவம் என்று பிரசங்கித்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் மனோதத்துவ நிபுணர்கள் காரணம் ஆராயத் தலைப்பட்டார்கள். பிராய்டு 1928-இல் ருஷ்ய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கியின் சூது வெறியைக் குற்ற உணர்ச்சியின் விளைவென்று விளக்கினார். சூதாடி தன்னை அறியாமலே தோற்க விரும்புகிறான் என்ற கொள்கையை எட்மண்ட் பெர்க்லர் 1957-இல் ஒரு நூலாகவே விரித்தார். இவற்றில் உண்மை எவ்வளவு என்பது அறிஞர்கள் தீர்க்க வேண்டிய விஷயம். ஆனால், மறுநாள் காலை பந்தயம் நடக்கவிருக்கையில் இன்றிரவை எப்படிக் கழிப்பது என்று தவிக்கும் மனிதனுக்கு அந்த நூல்களில் விடை கிடைத்ததாகத் தெரியவில்லை.

விடை வேறொரு வியாதியின் வழியாக வந்தது. 1840-ஆம் ஆண்டு ஏப்ரலில் பால்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றில் கூடியிருந்த ஆறு குடிகாரர்கள், இனிக் குடிப்பதில்லை என்று பிரதிக்ஞை செய்து, முதல் ஜனாதிபதி வாஷிங்டனின் பெயரால் ஒரு சங்கம் கண்டனர். வாரந்தோறும் கூடி அவரவர் அனுபவத்தை அவரவரே எழுந்து சொல்வது அவர்கள் கைக்கொண்ட முறை. அது தேசமெங்கும் காட்டுத்தீயாகப் பரவிற்று. 1842-இல் ஆபிரகாம் லிங்கனே ஸ்பிரிங்பீல்டு கிளையில் சொற்பொழிவாற்றினார். ஆனால் மதுவிலக்கு அரசியலிலும் உட்பூசல்களிலும் சிக்கிக்கொண்ட அச்சங்கம் சில ஆண்டுகளிலேயே சிதைந்து மறைந்தது.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன், ஓஹையோவின் ஆக்ரன் நகரத்தில் வியாபாரம் கைகூடாமல் ஓட்டல் முன்கூடத்தில் தனியே நின்றிருந்தார். பக்கத்தில் மதுச்சாலை, கையில் சொற்பப் பணம், மனமோ மதுச்சாலையின் பக்கமே சாய்ந்தது. அவர் அந்தப் பக்கம் போகாமல், தம்மைப் போன்ற இன்னொரு குடிகாரரோடு பேசினால் தப்பலாம் என்ற எண்ணத்தோடு, சுவரில் தொங்கிய பாதிரிமார் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசி செய்யத் தொடங்கினார். அவ்வாறு அவருக்குக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை வைத்தியர். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்த வைத்தியர், மணிக்கணக்காக அமர்ந்து பேசிவிட்டே எழுந்தார். உபதேசம் செய்தவர்களை அதற்கு முன் அவர் நிறையக் கண்டிருந்தார். தாம் பட்டதைத் தாமே சொல்லும் ஒருவரை அன்றுதான் கண்டார். அந்தச் சந்திப்பில் முளைத்ததே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்ற, பெயர் வெளியிடாத குடிகாரர்களின் கூட்டுறவு.

1957 ஜனவரியில், சூதால் சீரழிந்த இருவர் தற்செயலாகச் சந்தித்தார்கள். ஆக்ரன் வழியில் ஏற்கனவே பலர் குடியிலிருந்து மீண்டிருப்பதைப் பார்த்து, அந்த நெறிகளையே தங்கள் நோய்க்கும் பயன்படுத்திப் பார்க்கத் துணிந்த அவ்விருவரும், அடிக்கடி கூடிப் பேசி வந்தார்கள், மாதங்கள் சென்றன, இருவரில் ஒருவரும் பந்தயம் கட்டவில்லை. பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் புகழ்பெற்றிருந்த பால் கோட்ஸ் என்பவர் இச்செய்தியை அனுதாபத்தோடு ஊரறியச் செய்தார். அதன் பயனாக அவ்வாண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி, வெள்ளிக்கிழமையன்று, ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ சபையின் முதற் கூட்டம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது. பதின்மூன்றாம் தேதியும் வெள்ளிக்கிழமையும் கூடிய நாளைப் பெரும் அபசகுனமாகக் கருதுவது மேல்நாட்டார் வழக்கம். சகுனத்தையும் அதிர்ஷ்டத்தையும் நம்பியே கெட்டவர்கள் அந்த நாளிலே கூடியது பொருத்தமென்றே எனக்குத் தோன்றுகிறது.

சபையின் அமைப்பு மிக எளியது. சந்தா இல்லை, செலவுக்கு அங்கத்தினர் தாமே மனமுவந்து போடும் சில்லறைதான். சூதை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அங்கத்தினராவதற்குத் தகுதி. புதிதாக வருபவர் முன் இருபது கேள்விகள் வைக்கப்படும். ஏழுக்கேனும் ஆம் என்று சொல்ல நேர்ந்தால், தம் நிலையைத் தாமே தெரிந்துகொள்ளலாம். அவற்றுள் ஒரு கேள்வி என் மனத்தை மிகவும் பற்றியது: சூதுக்கென்று வைத்திருக்கும் பணத்தை வீட்டுச் செலவுக்கு எடுக்க மனம் கூசியதுண்டா என்பது அது. பால்காரருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு, உள்பையில் நோட்டுக்கட்டோடு வெளியே போன அனுபவம் உள்ளவர் அல்லாமல் வேறு யாரும், எவ்வளவு படித்த வைத்தியராயினும், அந்தக் கேள்வியை எழுதியிருக்க முடியாது.

குடிகாரர் சங்கத்தின் பன்னிரண்டு படிகளை இவர்கள் ஏற்றுக்கொண்டாலும், கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவில்லை. தன் குற்றங்குறைகளைத் தானே கணக்கெடுக்க வேண்டும் என்ற நான்காம் படியில் பணக் கணக்கையும் சேர்த்தார்கள். இச்சிறு மாற்றமே அந்தச் சபையின் உயிர்நிலை என்பது என் துணிபு. குடித்தவன் மறுநாள் தெளிகிறான். அவன் கைநடுக்கமும் சில நாளில் நிற்கும். சூதாடியோ சீட்டைக் கீழே வைத்த பிறகும் கடன்காரன். அந்தக் கடன்தான், ஒரே ஒரு ஆட்டம் ஆடி எல்லாவற்றையும் தீர்த்துவிடலாமே என்று அவனை மறுபடியும் அழைப்பது.

எனவே, சில வாரங்கள் தவறாமல் வந்த அங்கத்தினருக்குக் கடன் நெருக்கடியைத் தணிப்பதற்கென்று ஒரு தனி அமர்வு நடத்துவதை வழக்கமாக்கினார்கள். அன்று மனைவியும் உடன் வர வேண்டும். பழைய அங்கத்தினர் இரண்டு மூன்று பேர் எதிரே உட்கார, யார் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் காகிதத்தில் ஏறுகிறது: வங்கி, தவணைக் கம்பெனி, இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் மேல் வாங்கியது, உடன் வேலை செய்பவரிடம் கைமாற்று, மைத்துனரிடம் வாங்கி மனைவியிடம் சொல்லாமல் விட்டது, பந்தயத் தரகனுக்குச் சேர வேண்டியது. பட்டியல் முடிந்தது என்று அவர் பேனாவை மூடும்போது, எதிரே இருப்பவர் மெதுவாக, “இன்னும் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்பார். பெரும்பாலும் இருக்கும். தாமும் ஒரு காலத்தில் ஒரு கடனை மறைத்து, அதைத் தீர்க்கவென்றே மறுபடியும் மேஜைக்குப் போனவராதலால், அவர் திரும்பத் திரும்பக் கேட்பார். முழுக் கணக்கும் வந்தபின், முதலில் வாடகையும் உணவும் குழந்தைகளின் செருப்பும் துணியும். எஞ்சியதையே கடன்காரர் அனைவருக்கும் பங்கிட்டு, தொகை எவ்வளவு சிறியதாயினும் மாதந்தோறும் தவறாமல் கொடுத்து வர வேண்டும். அதற்கு எத்தனை வருஷமானாலும் சரி. சம்பளம் மனைவியின் கையில். இவருக்குப் பஸ்ஸுக்கும் காபிக்கும் மட்டும் பணம். இன்சால்வென்ட் ஆகித் தப்புவதை ஊக்குவிப்பதில்லை, புதுக்கடன் கூடாது, செல்வந்தரான உறவினர் ஒருவர் முன்வந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைத்துவிடுவதும் கூடவே கூடாது.

இந்தக் கடைசி விதி கடுமையாகத் தோன்றலாம். ஆனால் பாரதம் படித்த நமக்கு இதன் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதற் சூதில் தருமன் நாட்டையும் தம்பியரையும் தன்னையும் பாஞ்சாலியையும் தோற்றான். பாஞ்சாலி கேட்ட வரங்களால் மனமிளகிய திருதராட்டிரன், தோற்ற அனைத்தையும் திருப்பிக் கொடுத்து அனுப்பினான். பாண்டவர் ஊர் போய்ச் சேருமுன்னரே இரண்டாம் அழைப்பு வந்தது, தருமனும் திரும்பி வந்து ஆடினான், வனவாசம் வந்தது. அறத்தின் மைந்தனாலேயே தாங்க முடியாத தானம் அது. ஒரு காசு கூட உழைத்துத் திருப்பாமல் கடன் தீர்ந்த மனிதன், சபையாரின் அனுபவத்தில், மறுபடியும் ஆடுவதற்கு விடுதலை பெற்றவனே ஆகிறான்.

மனைவியர் கணக்குப் பார்க்க மட்டும் வந்தவர்கள் அல்லர். 1960-இல் நியூயார்க்கில் ‘கேம்-அனான்’ என்ற பெயரில் சூதாடிகளின் குடும்பத்தாருக்கென்றே தனிச் சபை தோன்றியது. அடகு வைத்ததை அண்டை அயலாருக்குத் தெரியாமல் மீட்டும், கடன்காரர் வந்தால் கணவர் ஊரில் இல்லை என்று பொய் சொல்லியும், தங்கள் அன்பினாலேயே நோயை வளர்த்துவிட்ட பெண்கள், அங்கே முதன்முதலாகத் தம்மைப் போன்ற பெண்களோடு வாய்விட்டுப் பேசினார்கள்.

இங்கிலாந்தில் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மறு ஆண்டு மே மாதம் முதல் தெருவுக்குத் தெரு பந்தயக் கடைகள் திறக்கப்பட்டன. சூதாட்டம் பற்றிய திருச்சபைகளின் மன்றத்தில் காரியதரிசியாயிருந்த மெதடிஸ்ட் பாதிரியார் கார்டன் மூடி, கண்டனத் தீர்மானங்களோடு திருப்தியடையாமல், 1964-இல் ‘கேம்ப்ளர்ஸ் அனானிமஸ்’ அந்நாட்டில் வேரூன்றத் துணை நின்றார். வீடிழந்த சூதாடிகள் தங்கி மீள்வதற்கென்று 1971-இல் ஓர் இல்லமும் எழுந்தது.

அமெரிக்காவிலோ வைத்தியத்துக்கே சபை ஆசிரியனாயிற்று. தற்கொலையின் விளிம்பில் நின்ற அங்கத்தினர் சிலரை வெறும் பேச்சால் காக்க இயலாதென்று கண்டு, ஓஹையோவின் பிரெக்ஸ்வில் ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையை அவர்களே அணுகினார்கள். அங்கே குடிநோய்ப் பிரிவை நடத்தி வந்த ராபர்ட் கஸ்டர் என்ற மனநல வைத்தியர், 1972-இல் சூதாடிகளைப் படுக்கையில் சேர்த்துச் சிகிச்சை செய்யும் முதல் ஏற்பாட்டைத் தொடங்கினார். 1980-இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் கட்டுமீறிய சூதாட்டம் இடம்பெற்றதற்கு அவருடைய முயற்சியே முக்கிய காரணம். 2013-இல் அதே பட்டியல் அதனைக் குடி முதலிய அடிமைப் பழக்கங்களின் வரிசையிலேயே சேர்த்தது.

சபையின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் நடத்தப்பட்டு 1988-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், சபைக்கு முதன்முறையாக வந்தவர்களுள் ஓராண்டு முழுதும் ஆடாமல் இருந்தோர் 100-க்கு 8 பேரே என்றும், ஈராண்டு இருந்தோர் 7 பேரே என்றும் கண்டார்கள். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும் இக்கணக்கில் சேர்ந்தவர்களே. ஆயினும் இது சிறிய எண்தான்; வைத்தியமும் வேண்டும், சபையும் வேண்டும் என்றே நான் இதிலிருந்து முடிவு கட்டுகிறேன். லாட்டரிகளும் சூதாட்ட மாளிகைகளும் ஒவ்வொரு மாநிலமாகத் திறக்கப்பட்டபோது அவற்றை எதிர்த்துச் சபை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்று குறை கூறுவோரும் உளர். பால்டிமோர்ச் சங்கம் அரசியலில் இறங்கி அழிந்ததை நினைத்தால், அந்த மௌனம் விவேகமென்றே படுகிறது; சட்டத்துக்காகப் போராடும் பொறுப்பு, அந்த நோயில் படாத நம்மைப் போன்றவர்களுடையது.

தமிழ்நாட்டுச் சட்டசபை இணையச் சூதாட்டத்தைத் தடைசெய்யும் மசோதாவை 2022-இல் நிறைவேற்றியது. சட்டம் செய்யக்கூடியதை அது செய்யட்டும். கைபேசியில் ஆடிக் கடன்பட்டு, யாரிடமும் சொல்ல முடியாமல் நம் ஊர்களில் தவிக்கும் இளைஞர்களுக்கோ ஓர் அறையும், வட்டமாகப் போட்ட சில நாற்காலிகளும், தாமும் அப்படியே கெட்டு மீண்ட இருவரும் தேவை. வாசகசாலை, கல்யாண மண்டபம், மாதா கோயில், பள்ளிக்கூடம் என்று இடம் வைத்திருக்கும் பெரியவர்கள் வாரத்தில் ஒரு மாலைப்பொழுது அதனை இவர்களுக்கு வாடகையின்றி விட்டுக்கொடுக்க வேண்டுகிறேன். மகனின் கடனை அடைக்க நிலத்தை விற்கப் புறப்படும் தகப்பனார்கள், பத்திரத்தில் கையெழுத்திடுமுன் அவனை அங்கே அழைத்துச் சென்று உட்கார வைக்கட்டும்.