மூளை–கணினி இடைமுகத்தில் மனப்பளு

மனப்பளு என்பது ஒரு வேலை மனிதரின் கவனத்தின்மீதும் நினைவாற்றலின்மீதும் ஏற்றும் சுமை. மூளை மின்னலைகளைக் கட்டளைகளாக மாற்றும் மூளை–கணினி இடைமுகத்தின் துல்லியத்தையும் வேகத்தையும் பாதிக்கும் காரணிகளுள் இதுவும் ஒன்று.

பி300 எழுத்துப்பலகையில் இவ்விளைவு தெளிவாகத் தெரியும். 1988இல் ஃபார்வெல், டான்சின் இருவரும் வெளியிட்ட இம்முறையில், 6×6 எழுத்துக்கட்டத்தின் வரிசைகளும் நிரல்களும் முறையின்றி மாறி மாறி ஒளிரும். பயனர் தமக்கு வேண்டிய எழுத்து ஒளிரும் தடவைகளை மனத்துக்குள் எண்ணுவார். ஒரு சுற்றின் 12 ஒளிர்வுகளில் அவ்வெழுத்து இடம்பெறும் இரண்டுக்கு மட்டும், சுமார் 300 மில்லிநொடி கழித்து பி300 எனப்படும் நேர்மின் அலை எழும். அதே நேரத்தில் மனக்கணக்கு போன்ற வேறு வேலையும் சேர்ந்தால் கவனம் பங்கிடப்பட்டு அலையின் உயரம் குறையும். அதைப் பின்னணி அலைகளிலிருந்து பிரித்தறியக் கூடுதல் சுற்றுகள் தேவைப்படுவதால் எழுதும் வேகம் சரியும்.

பளுவை மூளை மின்னலைகளிலிருந்தும் அறியலாம்: அது ஏறும்போது பொதுவாக முன்தலையில் தீட்டா அலை வலுக்கும். பின்பகுதியில் ஆல்ஃபா அலை தளரும். பளுவைப் பயனரிடமே கேட்டறிய 6 கூறுகள் கொண்ட நாசா–டிஎல்எக்ஸ் வினாநிரல் பரவலாகப் பயன்படுகிறது. அமைதியான ஆய்வகத்தில் பயிற்றுவித்த கருவி சந்தடி மிகுந்த வீட்டில் பயனரின் பளு கூடுவதால் தடுமாறக்கூடும். ஆய்வகத் துல்லியம் மட்டும் அதன் தரத்துக்குச் சான்றாகாது.