நிலத்தடி நீரும் ஒசாகா மாநகரும்

ஆற்றில் நீர் குறைந்தால் கண் காணும். ஏரி வற்றினால் ஊர் அறியும். மண்ணுக்கடியில் உள்ள நீர் குறைந்தால் அதனை உடனே அறிவார் இலர். அறியும் காலத்திலோ இழப்பு ஈடுசெய்ய இயலாததாகிவிடுகின்றது. இவ்வுண்மையை ஜப்பான் நாட்டு ஒசாகா மாநகரின் வரலாறு நன்கு விளக்கும்.

யோடோ ஆறு கொணர்ந்த மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்த கடலோரச் சமவெளியில் அமைந்தது ஒசாகா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஆலைகள் பெருகின. ஆழ்குழாய்க் கிணறு தோண்டினால் குளிர்ந்த நீர் குறைந்த செலவில் கிடைத்தது. ஆலைகள் தோறும் கிணறுகள் தோன்றின. 1920-ஆம் ஆண்டுகளின் இறுதியில் நில அளவையாளர் மட்டம் பார்த்தபொழுது, நகரின் மேற்குப் பகுதி தாழ்ந்து வருவது புலனாயிற்று. 1934-இல் முரோட்டோ சூறாவளி வீசிய காலை, தாழ்ந்த பகுதிகளில் கடல் புகுந்து பேரழிவு விளைத்தது.

நிலம் தாழ்வதற்குக் காரணம் யாது? நிலநடுக்கம் மிகுந்த நாடாதலின், புவியின் மேலோடு அசைவதே காரணம் என்றனர் சிலர். கட்டடங்களின் பாரமே என்றனர் வேறு சிலர். கியோ வடாச்சி என்னும் அறிஞர் இவ்விரண்டையும் ஏற்கவில்லை. நிலத்தின் பேராழத்தில் தோன்றும் நடுக்கங்களை ஆராய்ந்து புகழ் பெற்றவர் அவர். நிலநடுக்க வல்லுநரான அவரே, இது நிலநடுக்கத்தின் செயலன்று, நீர் இறைப்பதன் விளைவு என்றார். கிணற்று நீர்மட்டத்தையும் நிலமட்டத்தையும் ஒருங்கே அளந்து, நீர் தாழுந்தோறும் நிலம் தாழும் வேகம் மிகுவதை அவர் காட்டினார்.

இதன் இயல்பு எளிதில் விளங்கக்கூடியதே. மணற்படுகையின் நீரை இறைத்தால் அங்கு அழுத்தம் குறைகின்றது. அடுத்துள்ள களிமண்ணின் நீர் மெல்ல மணலுக்குள் வடிகின்றது. நீரிழந்த களிமண் மேலுள்ள பாரத்தால் நசுங்குகின்றது. பின்னர் நீர் திரும்பினாலும், நசுங்கிய களிமண் பழைய பருமனை அடைவதில்லை.

வடாச்சியின் கூற்றை ஐயுற்றோர் பலர். அதனை மெய்ப்பித்தது போர். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945-இல், குண்டுவீச்சால் ஆலைகள் அழிந்தன. நீர் இறைப்பது நின்றது. கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. நிலம் தாழ்வதும் ஏறக்குறைய நின்றது! எந்த ஆய்வுக்கூடமும் செய்திருக்க இயலாத சோதனை இது.

ஆயினும், ஆலைகள் மீண்டும் எழுந்தபொழுது கிணறுகளும் மீண்டும் இயங்கின. நிலமும் மீண்டும் தாழ்ந்தது. 1950-இல் ஜேன் சூறாவளி வந்து நகரை மறுபடியும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. காரணம் அறிந்தும் கைவிட இயலாமை ஏன்? ஆலைகளுக்கு வேறு நீர் இல்லை. ஆதலின் தடை மட்டும் போதாது என்பது உணரப்பட்டது. 1956-இல் தொழிற்சாலை நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. யோடோ ஆற்று நீர் குழாய்வழி ஆலைகளுக்கு வழங்கப்பட்டது. 1962-இல் பெருங்கட்டடங்கள் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நகரம் தாழ்வது பெரும்பாலும் நின்றது.

எனினும் தாழ்ந்தது தாழ்ந்ததே. சில இடங்கள் இரண்டரை மீட்டருக்கும் மேல் இறங்கிவிட்டன. கரையணைகளும் நீரேற்று நிலையங்களுமே இன்றும் அப்பகுதிகளைக் காத்து நிற்கின்றன. தோக்கியோவின் கிழக்குப் பகுதியோ நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. அங்கே இறைப்பது நின்றபின் நீர் மேலேறி, நிலத்தடி இரயில் நிலையங்களையே மேல்நோக்கி உந்தத் தொடங்கிற்று. அவற்றை அடிநிலத்தோடு பிணைத்து நிறுத்த வேண்டியதாயிற்று.

நமக்கு அண்மையிலுள்ள பாங்காக்கும் ஜகார்த்தாவும் இவ்வழியே சென்று தாழ்ந்தவையே. பாங்காக்கின் பொருட்டுத் தாய்லாந்து 1977-இல் நிலத்தடி நீர்ச் சட்டம் கண்டது. ஜகார்த்தாவின் வடபகுதி இன்னும் தாழ்ந்துகொண்டிருக்கின்றது. காரணத்தை அறிவது ஒன்று. மாற்று நீர் தந்து இறைப்பதை நிறுத்துவது மற்றொன்று. இரண்டாவதைச் செய்யும்வரை முதலாவதால் பயனில்லை என்பதே ஒசாகா தரும் படிப்பினை.